சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன?

நாற்பது வயதுக்கு மேல் பிள்ளை பெறலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது எத்தனையாவது மாதம்?

அறந்தாங்கிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது கடந்த கர்ப்பம் என்றாலே பத்திரிகைகளில் டெஸ்ட் டியூப் குழந்தையும் சென்னை ஐ.டி. கம்பெனிப் பெண்களும்தான் வருகிறார்கள். நான் பார்த்த நாற்பது வயதுக் கர்ப்பிணிகள் பெரும்பாலும் வேறு ரகம். மூத்தவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இளையவனை பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு, நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது உண்டானவர்கள்.

அவர்களில் ஒருத்திகூட முதல் மூன்று மாதத்தில் என்னிடம் வந்ததில்லை. "நாள் தள்ளிப்போனதும், விலக்கு நிக்கிற வயசு வந்துருச்சுன்னு நெனச்சேன் நர்சம்மா" என்பார்கள். நினைத்ததில் தப்பில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே முன்னே பின்னே வரும், ஒரு மாதம் வராது, மறுமாதம் கொட்டும். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் எப்போதாவது ஒரு கருமுட்டை வெளியாகும். அது போதும். முழுதாகப் பன்னிரண்டு மாதம் விலக்கு வராதிருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு என்பதை வயதுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒருத்தியைச் சொல்கிறேன். வயது 43. மாசமாக இருந்த மகளுக்குக் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்க, துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தவள். மகளுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால் கண்ணில் பட்டது. மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. வேண்டாம் வேண்டாம் என்றவளின் கையிலும் பட்டையைச் சுற்றினேன். 160/110. சிறுநீரில் உப்பும், அதாவது புரதமும், இருந்தது. வயிற்றைத் தொடவே விடவில்லை. மகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா எம்மக அங்க எப்புடி வாழுவா?" என்றாள். ஏழு மாதம். தளர்த்திக் கட்டிய சேலை, கேட்பவர்களிடம் 'வாயு' என்றொரு சமாதானம், அவ்வளவுதான் அதுவரை நடந்த வைத்தியம். 108-ஐக் கூப்பிட்டு புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிள்ளை ஒன்றரைக் கிலோ. இரண்டு உயிரும் பிழைத்தன. மகளுக்குத் துணையாக வந்ததால் பிழைத்தாள். தனக்காக வந்திருக்க மாட்டாள்.

வயது கூடினால் ஆபத்து கூடும் என்பது உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. பெண் பிறக்கும்போதே தன் கருமுட்டைகளோடு பிறக்கிறாள், அவளுக்கு என்ன வயதோ அவற்றுக்கும் அதே வயது. 25 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1,250-இல் ஒன்று. 35 வயதில் ஏறக்குறைய 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று, 45-இல் 30-இல் ஒன்று. கரு கலைவதும் அப்படித்தான். இருபதுகளின் பிற்பாதியில் பத்துக்கு ஒன்று கலைந்தால், 45-க்கு மேல் பாதிக்குப் பாதி கலைந்துவிடும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வர வாய்ப்பு அதிகம். நாலைந்து பெற்றவள் என்றால் பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் உதிரம் கொட்டக் கூடும். முன்பு சிசேரியன் ஆனவள் என்றால் பழைய தையலிலேயே நஞ்சு ஒட்டிக்கொள்ளக் கூடும்.

இவற்றில் பலதுக்கும் நம்மிடம் ஏதோ ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஆரம்ப வாரங்களிலேயே வேண்டும். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் ஸ்கேன் 11-இலிருந்து 13 வாரத்துக்குள். பிரஷர் ஏறிப்போகாமல் தடுக்கக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-ஆம் வாரம் தொடங்கி, 16 வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். குறை தேடும் பெரிய ஸ்கேன் 18, 20 வாரத்தில். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுத்த 1994-ஆம் வருஷச் சட்டமே 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருவின் குறையறியும் சோதனைகளை அனுமதித்திருக்கிறது. கலைக்க வேண்டும் என்றால் ஒரு டாக்டரின் ஒப்புதலோடு 20 வாரம் வரை முடியும். சில பிரிவினருக்கு மட்டும் 24 வாரம் வரை என்று 2021-இல் நீட்டினார்கள். சர்க்கரைக்கோ சென்னை மருத்துவர் வி. சேஷையா வகுத்த முறை இருக்கிறது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் சர்க்கரை. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத பெண்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஏழாம் மாதம் வருகிறவளுக்கு இதில் என்ன மிச்சம்? பிரஷர் மாத்திரையும் ஆம்புலன்ஸும்.

அதே காலத்தில் என் பகுதியில் 41 வயதில் தலைப்பிள்ளை சுமந்த டீச்சர் ஒருவரும் இருந்தார். காகிதத்தில் பார்த்தால் ஆபத்து அவருக்குத்தான் கூடுதல்: வயது, முதல் பிரசவம், டெஸ்ட் டியூப் கர்ப்பம். ஆறாவது வாரமே ஃபைலோடு வந்து நின்றார். சர்க்கரை வந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டார். ஆஸ்பிரின் தேதி தவறாமல் ஆரம்பித்தது. சிசேரியனில் நல்ல எடையோடு பெண் குழந்தை. ஊரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தது. அவருக்கும் அந்த 43 வயதுக்காரிக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒருத்திக்குக் கிடைத்தது வரம், இன்னொருத்திக்கு மானக்கேடு.

டீச்சருக்குக் கிடைத்த மாதிரி எல்லோருக்கும் கிடைக்கும் என்று டெஸ்ட் டியூப் மருத்துவமனைகளின் பஸ் ஸ்டாண்டு பேனர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 44, 45 வயதில் சொந்தக் கருமுட்டையில் பிள்ளை தங்குவது அபூர்வம். அதற்கு மேல் பிறக்கிற டெஸ்ட் டியூப் குழந்தைகள் பெரும்பாலும் இளம்பெண் ஒருத்தி தானமாகத் தந்த முட்டையில் உருவானவை. 2019-இல் குண்டூரில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இரட்டைக் குழந்தை பெற்றதும் அப்படித்தான். படத்தைப் பெரிதாகப் போட்டவர்கள் இதைப் பொடி எழுத்தில் போட்டார்கள். 2021-இல் வந்த சட்டம் இந்தச் சிகிச்சைக்கு மனைவிக்கு 50, கணவனுக்கு 55 என்று வரம்பு கட்டிவிட்டது. எனக்கு அதில் முழு சம்மதம்.

மானக்கேட்டுக்கு வருகிறேன். 2022-இல் 'வீட்ல விசேஷம்' வந்தபோது தியேட்டரே சிரித்தது. கல்யாண வயதில் பையனை வைத்துக்கொண்டு அம்மா கர்ப்பமாகிற கதை. ஊர்வசிக்காக இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் அந்த வீட்டில் விஷயத்தை வாய்விட்டுப் பேசினார்கள். எங்கள் ஊரில் பேச மாட்டார்கள், சிரிப்பு மட்டும் உண்டு, அதுவும் பொம்பளையைப் பார்த்துத்தான். புருஷனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆணுக்கு அது கத்தி படாத அரை மணி நேர வேலை.

சிரிப்புக்குப் பயந்தவள் எங்கே போவாள்? மெடிக்கலுக்கு. சீட்டு இல்லாமல் கலைக்கிற மாத்திரையை வாங்கி, ஐந்தாம் மாதத்தை இரண்டாம் மாதம் என்று எண்ணிப் போட்டுக்கொண்டு, பாவாடை நனைய ஆட்டோவில் வந்தவர்களுக்கு ரத்தம் தேடி அலைந்திருக்கிறேன்.

எங்கள் துறையும் இதில் யோக்கியம் இல்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் 49 வயது வரை பெண்கள் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளை, ஆபரேஷன் முடிந்தது என்று எழுதிய பிறகு அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆபரேஷனும் ஆயிரத்தில் சிலருக்குத் தவறும். நாற்பதைத் தாண்டியவளிடம் "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க" என்று கேட்க இப்போதைய இளம் செவிலியர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, மரியாதைக் குறைவாகப் படுகிறது.

இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. நாற்பது வயதுப் பெண்களை மாதாமாதம் நேரில் பார்க்கிறவர்கள் அந்தத் திட்டப் பணியாளர்கள்தான். கொடுக்கிற மாத்திரையிலும் கவனம் வேண்டும். எனலாப்ரில் மாதிரியான பிரஷர் மாத்திரை வயிற்றில் வளரும் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். விலக்கு தள்ளிப்போனதை விசாரிக்காமல் அதை நீட்டக் கூடாது. ஆகவே 49 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருத்தியிடமும் அந்தத் தலைக்கு ஊத்துன கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். மருமகன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பதில் வராது, கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றால் கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, மறுநாள் விடியற்காலைச் சிறுநீரில் பார்க்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே திரும்பப் போய் இரண்டு கோடா ஒரு கோடா என்று கேட்டு வர வேண்டும்.