உபரிப் பணம் யார் கைக்குப் போகிறது?

சித்தூர் மாவட்டம் அரகொண்டா கிராமத்தில் பிறந்தவர் பிரதாப் சி. ரெட்டி. 1983-இல் சென்னையில் அவர் திறந்த அப்போலோதான், பங்கு விற்று முதல் திரட்டி மருத்துவமனை நடத்தும் வழக்கத்துக்கு இந்தியாவில் பாதை போட்டது. அவர் பிறந்த சித்தூர் வட்டாரத்தில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு ஸ்விம்ஸ், பர்ட் மருத்துவமனைகள் திருப்பதியில் இயங்குகின்றன. வேலூர் சி.எம்.சி.க்கும் சித்தூர் மாவட்டத்தில் ஒரு வளாகம் உண்டு. அப்போலோ லாப நோக்குள்ள கம்பெனி. மற்றவை லாப நோக்கற்றவை.

ஒன்று காசு வாங்கும், மற்றது வாங்காது என்றே பலரும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல. சி.எம்.சி.யும் கட்டணம் வாங்குகிறது. வசதியுள்ளவர் தனி அறைக்குக் கட்டும் பணத்தில்தான் ஏழைகளுக்கான சலுகையின் ஒரு பகுதி ஓடுகிறது. உபரி இல்லாமல் எந்த மருத்துவமனையும் புதிய ஸ்கேன் இயந்திரம் வாங்க முடியாது.

அந்த உபரிக்கு யார் உரிமையாளர் என்பதில்தான் வேறுபாடு.

கம்பெனியின் பங்குதாரருக்கு டிவிடெண்ட் உண்டு; பங்கை விற்றும் காசாக்கலாம். கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின்கீழ் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம் டிவிடெண்ட் தரக்கூடாது. மூடினாலும் மிஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. அறக்கட்டளைகள் வரிவிலக்குப் பெற வேண்டுமானால், பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிட வேண்டும்.

களத்திலோ எல்லைக்கோடு மங்கலாகவே இருக்கிறது. அப்போலோவின் அறக்கட்டளை 2013 முதல் அரகொண்டாவைச் சுற்றியுள்ள தவணம்பள்ளி மண்டலத்தில் கிராமச் சுகாதாரத் திட்டம் நடத்துகிறது. 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கி, இன்று என்.டி.ஆர். வைத்திய சேவையாக இருக்கும் ஆந்திர அரசின் திட்டத்தில், தனியார் மருத்துவமனையிலும் ஏழை நோயாளி காசில்லாமல் சிகிச்சை பெறலாம்.

ஆகவே பெயர்ப்பலகையைவிட வரவு செலவுக் கணக்கே முக்கியம். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிட்டாக வேண்டும். தேவஸ்தானமும் ஆண்டுதோறும் பட்ஜெட்டை அறிவிக்கிறது. 2025-26-க்கு அது 5,258 கோடி ரூபாய். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சிறிய அறக்கட்டளைக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வரித்துறைக்குக் கணக்கு கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. அறங்காவலரின் குடும்பத்துக்குக் கொழுத்த சம்பளம், அவர்கள் கட்டடத்துக்குச் சந்தை விலையைத் தாண்டிய வாடகை என்று பணம் வெளியேறினால், டிவிடெண்ட் தடையால் யாருக்கு என்ன பயன்? சட்டம் இதைத் தடுக்கிறது. ஆனால் மீறல் நடந்தால், கணக்கைப் பார்க்காத பொதுமக்களுக்கு அது தெரியவே வராது.

வரிவிலக்கு என்பது மக்கள் தரும் மானியம். அதைப் பெறும் ஒவ்வோர் அமைப்பும் ஆண்டு வரவு செலவு, இலவச சிகிச்சை பெற்றோர் எண்ணிக்கை, அறங்காவலர் குடும்பத்துக்குக் கொடுத்த தொகை ஆகிய மூன்றையும் தெலுங்கிலும் தமிழிலும் வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும்.