பின்கொசுவம் வைத்த ஆண்களும் ஒரு கிராமத்து டாக்டரும்

ஆகஸ்டில் டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "நயாகராவை எல்லாரும்தான் பார்க்கறாங்க. ஆம்பளைங்க பாவாடை கட்டிக்கிட்டு மரத்தைத் தூக்கிப் போடற ஊரைக் காட்டறேன், வாம்மா" என்றாள். காரில் ஒன்றரை மணி நேரத்தில் ஃபெர்கஸ்!

கிராண்ட் நதிக்கரையில் சின்ன ஊர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆடம் ஃபெர்குசன், ஜேம்ஸ் வெப்ஸ்டர் என்ற இருவர், தங்கள் நாட்டாரைக் குடியேற்றுவதற்காக 1833-இல் உண்டாக்கியது. கடைத்தெரு முழுக்கச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். தெருப் பெயர்கூட செயின்ட் ஆண்ட்ரூ, ஸ்காட்லாந்தின் காவல் புனிதர்! கடைகளுக்குப் பின்னால் ஒரு பூந்தோட்டம்; படியிறங்கினால் கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு. அங்கே உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

1946-இல் தொடங்கிய ஸ்காட்லாந்து விழா அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கட்டியிருப்பது பாவாடை இல்லையாம். 'கில்ட்' என்று சொல்ல வேண்டுமாம். கட்டம் போட்ட கம்பளித் துணி, எட்டு கஜம்கூடப் பிடிக்குமாம். கொசுவம் பூராவும் பின்பக்கம். பின்கொசுவம் வைத்துப் புடவை கட்டிய என் பாட்டி பார்த்திருந்தால், "பரவாயில்லையே, இவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கே!" என்றிருப்பாள். அவர்களுடைய பேக்பைப் வாத்தியத்திலும் நம் நாயனத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஒரு நாதம் விடாமல் கேட்கிறது. மரம் போடும் போட்டியில் தூரம் கணக்கில்லை. மேலே போன மரம் தலைகீழாகப் புரண்டு, போட்டவருக்கு நேராக விழ வேண்டும். பேரன் கைதட்டியே களைத்துப்போனான்.

திரும்பும்போது பக்கத்திலுள்ள எலோராவுக்குப் போனோம். நம் எல்லோராதான்! அந்த ஊரை அமைத்த கில்கிசன், தம் சகோதரரின் கப்பல் பெயரை அதற்கு வைத்தாராம். கப்பலுக்குப் பெயர் தந்தது நம் குகைகள். போகிற வழியில் 'குரோவ்ஸ்' என்று ஒரு ஆஸ்பத்திரி. "யாரம்மா இந்தக் குரோவ்ஸ்?" என்று கேட்டேன். மகள் சொன்ன பதிலில் எனக்குப் புளியோதரை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

ஆபிரகாம் குரோவ்ஸ் ஃபெர்கஸில் வைத்தியம் பார்த்த கிராமத்து டாக்டர். 1883-இல், 12 வயதுப் பையன் ஒருவனுக்கு வயிற்றைத் திறந்து, வீங்கிப்போன குடல்வாலை எடுத்தவர். வட அமெரிக்காவிலேயே அந்த ஆபரேஷன் நடந்த மிகப் பழைய சம்பவங்களில் அது ஒன்று. ஆயுதங்களையும் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் தொடுவாராம். 1902-இல் ஊருக்கு ஆஸ்பத்திரியும் கட்டினார்.

1883-இலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அதற்கு நூறு வருஷம் கழித்து எனக்குத் தெரியவில்லையே! என் பெரியவனுக்கு அப்போது எட்டு வயது. தொப்புளைச் சுற்றி வலி என்றான். "பலகாரம் தின்ன வினை" என்று நானே முடிவுகட்டி, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினேன். ராத்திரி வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கியது, வாந்தி, ஜுரம். விடிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது குடல்வால் வெடித்திருந்தது. பதினெட்டு நாள் படுக்கை. பிழைத்தான், அவ்வளவுதான் சொல்வேன்.

இளம் தாய்மார்களே, ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், வலி நேரமாக ஆக அதிகமானால், பேதிக்குக் கொடுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சாப்பிடவும் ஒன்றும் கொடுக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வலி வலதுபக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இடம் காட்டத் தெரியாது. வெறும் வாயுவாக இருந்தால் இருக்கட்டுமே, டாக்டர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று ராத்திரியே பெரியவனுக்குப் போன் போட்டுக் குரோவ்ஸ் கதையைச் சொன்னேன். தலை நரைத்த பிள்ளை, கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், "அம்மா, விளக்கெண்ணெய் வாசனை வந்தா இப்பவும் எழுந்து வெளியே போயிடுவேன், தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது.