எம்.எல்.ஏ. பையில் நாலு சாவி! எந்தப் பூட்டு திறக்கும்? எது திறக்காது?

"வீட்டு வரியைக் குறைங்க!"

"தெருவுக்கு ரோடு போடுங்க!"

"கரண்ட் பில்லு தாங்க முடியலே!"

"எங்க ஜனத்துக்கு ஒரு மரியாதை வாங்கிக் கொடுங்க!"

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். எந்தத் தொகுதி எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் போய் நின்றாலும் காதில் விழுவது இந்த நாலு கோரிக்கைகள்தான். எம்.எல்.ஏ.வும் சளைக்காமல் "பண்ணிடலாம்" என்கிறார். மனுவை வாங்கிப் பக்கத்தில் நிற்கிற உதவியாளரிடம் கொடுக்கிறார். மனு கொடுத்தவர் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருகிறார்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? இந்த நாலில் எது எம்.எல்.ஏ.வால் ஆகிற காரியம்? எதற்கு அவரும் நம்மைப் போலவே மனு எழுத வேண்டும்? இது தெரியாமல்தான் ஜனங்கள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதல் சாவி: வரி

மளிகைக் கடைக்காரருக்கு முதல் தலைவலி வரி. விற்பனை வரி என்று ஒரு காலத்தில் இருந்தது. அதை ஏற்றுவதும் இறக்குவதும் சட்டசபையின் வேலை. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அன்றோடு அந்த அதிகாரத்தில் பெரும் பகுதி ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குப் போய்விட்டது. அதில் மாநிலத்தின் சார்பில் உட்காருவது ஒரு மந்திரி. எம்.எல்.ஏ.வுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

மாநிலத்தின் கையில் மிஞ்சியவை பெட்ரோல்-டீசல் வரி, மது வரி, பத்திரப்பதிவு, வாகன வரி போன்றவை. இதில் மாநிலம் நினைத்தால் குறைக்க முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2021 ஆகஸ்டு பட்ஜெட்டில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் பத்திரப்பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாக இறக்கினார்கள். ஆனால் அதே கையோடு நிலத்தின் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். ஒரு பையில் போட்டதை இன்னொரு பையில் எடுத்த கதை!

வீட்டு வரி விவகாரம் இதைவிடச் சிக்கல். சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி ஏறவே இல்லை. 2018-ல் ஏற்றினார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், 2019 நவம்பரில், நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடியும் அறிவிப்பு வந்தது. இடத்தையும் கட்டிடத்தின் அளவையும் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்வு!

காரணம் என்ன? சொத்து வரியை ஒழுங்காக உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. டெல்லியில் நிபந்தனை. கோட்டையில் உத்தரவு. ரிப்பன் மாளிகையில் தீர்மானம். பில் மட்டும் நம் வீட்டுக்கு!

இதில் எம்.எல்.ஏ. எங்கே வருகிறார்? வரியைப் போடும் தீர்மானம் மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறுகிறது. அங்கே கையைத் தூக்குவது கவுன்சிலர். ஆகவே வீட்டு வரிக்கு முதலில் பிடிக்க வேண்டிய ஆள் கவுன்சிலர்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 2018-ல் வரி ஏறியபோது, "ஏன் ஏற்றினாய்?" என்று வார்டில் யாரைக் கேட்பது? அதிகாரிகள் ராஜ்யம்! தேர்தலைத் தள்ளிப்போட்டால் யார் தலையில் விடியும் என்பதற்கு இதுவே பாடம்.

கொறடா கயிறு

"சரி, சட்டசபையிலாவது எதிர்த்து ஓட்டுப் போடலாமே?" என்று கேட்கலாம். அங்கேதான் முடிச்சு.

பண மசோதாவைக் கவர்னர் பரிந்துரை இல்லாமல் சபைக்குக் கொண்டுவர முடியாது. நடைமுறையில் அது மந்திரி சபையின் வேலை. வரியைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் திருத்தம் கொடுக்கலாம். மானியக் கோரிக்கை மீது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொடுக்கிறார்கள். ஆனால் ஓட்டு என்று வந்தால் கட்சிக் கொறடாவின் உத்தரவுதான் செல்லும். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம்.

இந்தச் சட்டத்தின் பல் எவ்வளவு கூர்மை என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களின் பதவியைச் சபாநாயகர் பறித்தார். அவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. முதல்-அமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2018 அக்டோபரில் ஐகோர்ட்டும் அந்தப் பதவி நீக்கம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே ஆளும் கட்சி எம்.எல்.ஏ. வரியை எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று காத்திருப்பது வீண். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. எதிர்த்துப் போடுவார், எண்ணிக்கை போதாது. மிச்சம் இருப்பது பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சும் லேசான ஆயுதம் இல்லை. சபைக் குறிப்பில் ஏறிய கேள்விக்கு மந்திரி பதில் சொல்லியே தீர வேண்டும்.

இரண்டாவது சாவி: செலவு

இது ஒன்றுதான் எம்.எல்.ஏ. கைக்கு எட்டுகிற சாவி. தொகுதி மேம்பாட்டு நிதி 2017-ல் 2 கோடியில் இருந்து இரண்டரை கோடி ஆனது. 2019-ல் 3 கோடி ஆக்கினார்கள். கொரோனா காலத்தில், 2020-ல், அதில் ஒரு கோடியை அரசு நோய்த் தடுப்புக்கு எடுத்துக்கொண்டது.

"மூணு கோடி அவர் பாக்கெட்டுக்குப் போகுது" என்று டீக்கடையில் பேசுவார்கள். அது தப்பு. பணம் அவர் கைக்கு வராது. எந்த வேலை என்று அவர் எழுதிக் கொடுப்பார். மதிப்பீடு, டெண்டர், பில் பட்டுவாடா எல்லாம் கலெக்டர் வழியாக நடக்கும். சென்னையில் மாநகராட்சி கமிஷனர் வழியாக. பள்ளிக்கூட வகுப்பறை, பஸ் நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் இதில் அடக்கம்.

ஆனால் தொகை எவ்வளவு? 234 பேருக்கும் சேர்த்து 702 கோடி. 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் மொத்தச் செலவு சுமார் 4 லட்சத்து 39 ஆயிரம் கோடி. கணக்குப் போட்டால் ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய் அறுபது பைசா! மகளிர் உரிமைத் தொகை ஒன்றுக்கு மட்டும் அந்த வருஷம் ஒதுக்கியது 13,807 கோடி. அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. மாநிலக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடிக்கு மேல் போகும் என்று கணக்கு. வட்டி கட்டவே பெரும் பணம் போகிறது. பெரிய மேம்பாலத்தை எம்.எல்.ஏ. "நானே கொண்டுவந்தேன்" என்று போஸ்டர் அடித்தால், அது அவர் நிதியில் வந்தது அல்ல. கோட்டையில் யாரோ கையெழுத்துப் போட்டது.

அந்தக் கையெழுத்தை வாங்க ஒரு வழி 2022 ஆகஸ்டில் திறந்தது. 234 எம்.எல்.ஏ.க்களும் தங்கள் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளை எழுதிக் கலெக்டரிடம் கொடுக்கும்படி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் அந்தக் கடிதம் போனது. ஒரு எம்.எல்.ஏ.வின் மனசில் எது முதல், எது கடைசி என்று தெரிய அதைவிட நல்ல கண்ணாடி இல்லை. தன் தொகுதியின் அந்தப் பட்டியலில் என்ன இருந்தது என்று எத்தனை வாக்காளர்கள் கேட்டார்கள்?

மூன்றாவது சாவி: கரண்ட்

2008 முதல் சில வருஷம் தமிழ்நாட்டை மின்வெட்டு வாட்டியது. அப்போது எம்.எல்.ஏ.விடம் கேட்டது "கரண்ட் எப்ப வரும்?" என்று. இப்போது கேட்பது "பில் எப்ப குறையும்?" என்று.

2016 மே 23-ந் தேதி ஜெயலலிதா பதவி ஏற்ற அன்றே, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின் 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் ஏறியது. எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் உயர்வு. பலருக்குத் தெரியாத சங்கதி இதற்குள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் தானாக ஏறலாம் என்று அந்த 2022 உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். அதன்படி 2023-ல் 2.18 சதவீதம். 2024-ல் 4.83 சதவீதம். 2025-ல் 3.16 சதவீதம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கு ஏறியதை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் வீடுகளும் தப்பவில்லை.

கட்டணத்தை நிர்ணயிப்பது சட்டசபை அல்ல. மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அரசு சலுகை கொடுக்க நினைத்தால், 2003-ம் வருஷ மின்சாரச் சட்டப்படி அந்தப் பணத்தை முன்கூட்டியே மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் பட்ஜெட்டில் இருந்து வருகிறது. பட்ஜெட் வரியில் இருந்து வருகிறது. சுற்றிச் சுற்றி முதல் சாவிக்கே வந்து நிற்கிறோம்!

குமாஸ்தா குடும்பத்துக்குப் பெரிய இடி 500 யூனிட்டில் விழுகிறது. இரண்டு மாதத்தில் அதைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். கோடையில் ஒரு ஏ.சி. ஓடினால் போதும், பில் குபீர் என்று ஏறும். மாதம்தோறும் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 2025 ஜூலையில் கட்டணம் ஏறிய போதும் இரண்டு மாதக் கணக்குதான்.

2022-ல் கட்டணத்தை உயர்த்தும் முன் ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எம்.எல்.ஏ.வும் பேசலாம், பெட்டிக்கடைக்காரரும் பேசலாம். விலை தீர்மானம் ஆகிற இடத்தில் இருவருக்கும் ஒரே மைக்தான்.

நான்காவது சாவி: மரியாதை

இதுதான் நெருப்பு. ஒரு ஜனத்துக்கு அங்கீகாரம் என்றால் சிலையும் உண்டு, தெருப் பெயரும் உண்டு, சாதிச் சான்றிதழும் உண்டு. செலவு குறைவு, கைத்தட்டல் அதிகம் என்பதால் அரசியல்வாதிகளுக்கு இதில் ஆசை அதிகம்.

கை சுட்ட கதையும் உண்டு. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை எதிர்த்துத் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அன்றைய கருணாநிதி அரசு, மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது.

அவசரமாகப் போட்ட சட்டமும் நிற்காது. 2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் தேதி அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு, வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. நவம்பர் 1-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. புள்ளிவிவர ஆதாரம் போதாது என்பது முக்கிய காரணம். இடையில் அந்த ஒதுக்கீட்டை நம்பிக் காலேஜுக்கு மனு போட்ட பிள்ளைகளின் தவிப்பை யார் ஈடுகட்டுவது?

மெதுவாக வந்தாலும் நின்ற வெற்றி ஒன்று உண்டு. நரிக்குறவர், குருவிக்காரர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க லோகூர் கமிட்டி 1965-லேயே சொன்னது. பார்லிமெண்டில் மசோதா நிறைவேறியது 2022 டிசம்பரில். 57 வருஷம்! இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழ் இல்லாமலே வளர்ந்து முடிந்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பது டெல்லியின் வேலை. எம்.எல்.ஏ.வால் ஆகக்கூடியது, விடாமல் தட்டுவதும், சட்டம் வந்த பிறகு தாலுகா ஆபீஸில் சான்றிதழ் தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

என்ன கேட்பது?

நாலு சாவியில் ஒன்றுதான் அவர் கையில் முழுசாக இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் பூட்டு வேறு இடத்தில். அதற்காக எம்.எல்.ஏ.வை விட்டுவிட முடியாது. 2017 ஜூலை முதல் மாதம் ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் பதவி அது!

அடுத்த முறை தெருவுக்கு வந்தால், "ரோடு எப்போ?" என்பதோடு நிறுத்த வேண்டாம். தொகுதி நிதியில் இந்த வருஷம் எந்தெந்த வேலைக்கு எழுதிக் கொடுத்தீர்கள்? வரி பற்றிச் சபையில் எத்தனை முறை பேசினீர்கள்? கட்டண விசாரணைக்குப் போனீர்களா? சான்றிதழுக்கு எத்தனை குடும்பம் காத்திருக்கிறது என்று தெரியுமா? இந்த நாலையும் கேளுங்கள்.

"பண்ணிடலாம்" என்ற பதில் இதற்குச் செல்லாது. கணக்கு சொல்லியே ஆக வேண்டும்!