கள்ளக் கொப்பியும் கலைப்பீடமும்

எங்கட பட்ச்சில் ஆய்வுக்கட்டுரைக் காலம் தொடங்கினால் ஒரு பென்டிரைவ் கைமாறத் தொடங்கும். அதில் எஸ்.பி.எஸ்.எஸ் இருக்கும், வேர்ட் இருக்கும், இரண்டையும் காசு கட்டாமல் வேலை செய்ய வைக்கிற சின்னக் கோப்பு ஒன்றும் இருக்கும். “முதல்ல வைரஸ் கார்டை நிப்பாட்டிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணுங்கோ” எண்டு சீனியர்மார் சொல்லித்தருவினம். கள்ளன் வரமுதல் நாயைக் கட்டிவைக்கிற வேலை அது எண்டு எங்களுக்கு அப்ப விளங்கேல்ல.

எங்களில் ஒருத்தியின் லப்டொப்பில் ஒருநாள் காலையில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள். டொலரில் காசு கேட்டு ஒரு குறிப்பு. 120 வினாக்கொத்துகளின் தரவு போய்விட்டது. நல்ல காலம், தாள்கள் அறையில் கட்டாகக் கிடந்தன. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து இரண்டு இரவு இருந்து திரும்ப ஏற்றினோம். அந்தச் சனியன் வேறு வழியாலும் வந்திருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து வைத்தது நாங்கள்தான்.

அந்த இரண்டு இரவிலும் எங்களுக்கு வந்த கோபம் ஒன்று இன்னும் போகவில்லை. நாங்கள் களவெடுக்கத் தேவையே இருக்கவில்லை. அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

மாணவர்களுக்கு மென்பொருள் கருவிகளை இலவசமாகக் கொடுப்பது புதிய விசயமில்லை. மைக்ரோசொஃப்ட் 2008இலேயே ‘ட்ரீம்ஸ்பார்க்’ என்ற பெயரில் அதைத் தொடங்கியது. கிட்ஹப்பின் மாணவர் பொதி 2014இல் வந்தது. காசு கட்டிப் பாவிக்கிற பல சேவைகளை ஒன்றாகக் கட்டி மாணவர் கையில் கொடுக்கிறது அது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் தன்னுடைய நிரல் எழுதும் கருவிகளுக்கு மாணவர் உரிமம் தருகிறது. ஒரு வருசத்துக்குத் தரும், படிப்பு முடியும் வரை புதுப்பிக்கலாம், அதை வைத்து உழைக்கக்கூடாது என்பது நிபந்தனை. மைக்ரோசொஃப்டின் அஷூர், மாணவர்களுக்கு 100 டொலர் பெறுமதியான கணினி நேரத்தைக் கடனட்டை கேட்காமலே கொடுக்கிறது. டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போன 2022ஐக் கண்ட எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

இவற்றுக்குப் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் மாணவர் என்பதற்குச் சான்று. பல்கலைக்கழக மின்னஞ்சல், இல்லாவிட்டால் மாணவர் அடையாள அட்டை அல்லது திகதியிட்ட பதிவுக் கடிதம். விண்ணப்பத்தில் எழுதுகிற பெயரும் அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். முதலெழுத்தை முன்னுக்குப் போடுவதா பின்னுக்குப் போடுவதா என்று எங்கட பெயர்களில் வருகிற சிக்கல் தெரியும்தானே, அதில் கவனமாக இருங்கள். ‘நீ எந்தப் பீடம்?’ என்பது அங்கே தடையில்லை. அந்தத் தடையை நாங்களேதான் போட்டுவைத்திருக்கிறோம்.

“ஆர்ட்ஸ் படிக்கிறவைக்கு ஏன் கோடிங்?” இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்டிருக்கிறோம், கொம்பஸிலும் கேட்டிருக்கிறோம். எங்கட பதில் ஒரு உதாரணம். எங்கட ஊர்களில் பழைய அறிக்கைகள், சங்கக் குறிப்புகள், மலர்கள் என்று கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட கனக்க விசயங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளங்காத ஆங்கில எழுத்துகள்தான். தேட ஏலாது, எண்ண ஏலாது. ஒரு கோப்பு என்றால் இணையத்தில் போட்டு மாற்றலாம். நானூறு கோப்பு என்றால்? அதற்குப் பைத்தன் மொழியில் சின்ன நிரல் ஒன்று போதும். வரலாறும் சமூகவியலும் தமிழும் படிக்கிறவர்களுக்குத்தான் அந்த நிரல் முதலில் தேவை. எந்த எழுத்து எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் கணினி தெரிந்தால் மட்டும் காணாது, தமிழும் தெரியவேண்டும்.

இந்த இடத்தில் எங்களுடைய நண்பன் ஒருவன் எப்பவும் சண்டைக்கு வருவான். “உதெல்லாம் தூண்டில் மச்சான். இப்ப சும்மா தருவாங்கள், நாளைக்கு வேலைக்குப் போனா அதையே காசு குடுத்து வாங்கப் பண்ணுவாங்கள்.” அவன் சொல்வதில் பிழையில்லை. பழகின கருவியை மனிசர் லேசில் விடமாட்டினம், கொம்பனிக்கும் அது தெரியும். ஆனபடியால் அதற்காக நன்றிக்கடன்பட்டு நிற்கவும் தேவையில்லை, ரோசப்பட்டு ஒதுங்கவும் தேவையில்லை. படிப்பு முடிகிற அன்றைக்கு அந்தக் கதவு மூடும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் போதும்.

அதோடு, மூடாத கதவும் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு கருத்துகளுக்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று இலவச மென்பொருள், மற்றது கட்டற்ற மென்பொருள். இலவசம் என்றால் விலை இல்லை, அவ்வளவுதான். தந்தவர் நாளைக்குத் திருப்பி எடுக்கலாம். கட்டற்றது என்றால் பாவிக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது தொடங்கிய வழி இது. பைத்தன், லிப்ரெஒஃபிஸ், மேற்கோள்களை ஒழுங்குபடுத்துகிற சொட்டெரோ, வரைபடம் போடுகிற கியூஜிஐஎஸ் எல்லாம் இந்த வகை. எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் நாங்கள் செய்கிற அட்டவணைகளையும் சோதனைகளையும் ‘ஆர்’ மொழியிலோ, சுட்டியால் அழுத்தியே செய்யக்கூடிய ஜமோவியிலோ செய்யலாம். ‘ஆர்’ தொடங்கியதே நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில், மாணவருக்குப் புள்ளிவிபரவியல் கற்பிப்பதற்காகத்தான். இவற்றுக்கு மாணவர் அட்டையும் தேவையில்லை, வைரஸ் கார்டை நிப்பாட்டவும் தேவையில்லை. அந்தப் பென்டிரைவில் இவற்றைப் போட்டுக் கைமாற்றினால் அது களவும் இல்லை.

இது எங்கட நாட்டுக்கு வெளியில் நடக்கிற விசயம் மட்டும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கையில் தொண்டர்கள் சேர்ந்து எழுதிய கட்டற்ற மென்பொருள்தான் சஹானா. பிறகு அது மற்ற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்நூலகத்தில் நாங்கள் எத்தனை இரவு பழைய சஞ்சிகைகளைத் தேடியிருப்போம்? அது மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அப்படிப் பார்த்தால், மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அதன் பலனில்தான் நாங்கள் கட்டுரை எழுதியிருக்கிறோம்.

லப்டொப்பே இல்லாதவர்கள் எங்கட வகுப்பில் இருக்கிறார்கள், ஃபோனில் கட்டுரை தட்டுகிறவர்கள். அவர்களிடம் போய் “எல்லாம் சும்மா கிடைக்குது” எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. கூகுளின் கொலாப்பில் ஃபோனில் இருந்தே பைத்தன் எழுதலாம் என்பது உண்மை. சின்னத் திரையில் அது கண்ணைக் குத்துகிற வேலை என்பதும், டேட்டாவுக்குக் காசு வேண்டும் என்பதும் உண்மை. அதனால்தான் இதைத் தனித்தனி ஆட்களின் கெட்டித்தனமாக விடக்கூடாது என்று சொல்கிறோம்.

பீடங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காசு இல்லை. ஆய்வு முறையியல் பாடத்தை, மாணவர் களவெடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மென்பொருளில் படிப்பியுங்கள். கணினி அறையில் அவற்றை ஏற்றி, பின்னேரங்களிலும் அறையைத் திறந்து வையுங்கள். முதலாம் வருசத்தில் ஒரே ஒரு பின்னேரம், மாணவர் சலுகைகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று காட்டுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கடைசி வருசம் வரை காத்திராமல் பதிவு செய்த கிழமையிலேயே கொடுங்கள்.

எங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. சீனியர் ஆனதும் நாங்களும் அதே பென்டிரைவைத்தான் ஜூனியர்மாரிடம் நீட்டினோம், அதே அறிவுரையோடு. இந்த முறை தரவு ஏற்றுகிற காலம் வரும்போது ஜமோவியும் லிப்ரெஒஃபிஸும் போட்ட பென்டிரைவ் ஒன்றை நீட்டப்போகிறோம். அதோடு “வைரஸ் கார்டை நிப்பாட்டாதேங்கோ” எண்டும் சொல்லப்போகிறோம். உங்கட பட்ச்சில் யார் அதைச் செய்யப்போகினம்?