காடு புகும் முறை

நுழையும்முன்

ஊரின் எல்லையில் சிறு காடொன்று நிற்கிறது. அதில் புலியில்லை, அருவியில்லை, காட்சிக் கோபுரமும் இல்லை. ஆயினும், பல தலைமுறைகளாக அங்கே கிளையொடிக்க எவரும் துணிந்ததில்லை. அத்தகைய காட்டைக் காணச் செல்லலாமா? செல்வதாயின் எவ்வாறு செல்வது? இக்கட்டுரை இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

பன்னிரண்டு ஏக்கர்க் காடு

திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம் பகுதி மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. அப்பகுதியில் அழகர்மலைக் காட்டை ஒட்டிக் காசம்பட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரின் வீரகோவில் காடு 4.97 ஹெக்டேர் பரப்புடையது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஏக்கர் எனலாம். விரைந்து நடப்பவர் கால்மணி நேரத்தில் அதனைச் சுற்றி வந்துவிடலாம். இச்சிறு காட்டைத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் அப்பெருமையை முதலில் பெற்றது. காசம்பட்டி இரண்டாவதாகப் பெற்றது.

முதுமலையும் ஆனைமலையும் உள்ள மாநிலத்தில் பன்னிரண்டு ஏக்கருக்கு இத்துணை மதிப்பு ஏன்? காட்டின் பரப்பில் இதற்கு விடையில்லை. அதைக் காத்த முறையில் இருக்கிறது. முள்வேலியும் வனக்காவலரும் இன்றி ஊர்மக்களின் வழிபாடே அதைக் காத்தது. கோவில்காடுகள் பலவற்றில் இன்றும் சில கட்டுப்பாடுகள் உண்டு. காட்டினுள் நுழையும்முன் காலணியைக் கழற்ற வேண்டும். பச்சை மரத்தை வெட்டலாகாது. விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துச் செல்லலாகாது. அங்கே வேட்டையும் இல்லை. இக்கட்டுப்பாடுகள் எந்தச் சட்டநூலிலும் எழுதப்பட்டவையல்ல. தாத்தாக்களும் பாட்டிகளும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லிப் பேரப்பிள்ளைகளின் நெஞ்சில் பதித்தவை.

கா என்னும் சொல்

தமிழில் ‘கா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி சோலையைக் குறிக்கும்; ‘காப்பாற்று’ என்னும் ஏவலாகவும் வரும். மரத்தையும் காவலையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி தமிழ். சங்க காலத்து வேந்தர்கள் காவல்மரங்களைப் பேணினர். பகைவனின் காவல்மரத்தை வெட்டுவது அவனை வென்றமைக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. மரத்தில் தெய்வம் உறைகிறது என்னும் நம்பிக்கையைச் சங்கப் பாடல்கள் பலவற்றில் காணலாம். திருவள்ளுவரோ அரணின் உறுப்புகளாக நீர், நிலம், மலை ஆகியவற்றோடு நிழல் மிகுந்த காட்டையும் வைத்து எண்ணினார்.

ஊர்ப்பெயர்களிலும் காடுகள் நிற்கின்றன. திருவாலங்காட்டில் ஆலும், திருவேற்காட்டில் வேலும், ஆற்காட்டில் ஆத்தியும் பெயர்களாக எஞ்சியுள்ளன. அப்பெயர்களைத் தாங்கிய பேருந்துகள் நாள்தோறும் சாலைகளில் செல்கின்றன. ஆனால், பெயரில் உள்ள காட்டை அவ்வூரில் தேடினால் காண்பது அரிது. காடு போனபின் பெயர் மட்டும் தங்கிவிடும் என்பதற்கு இவ்வூர்களே சான்று. இன்று எஞ்சியிருக்கும் கோவில்காடுகளும் வெறும் பெயர்களாகிவிடுமோ என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று.

காடும் தோப்பும்

சித்திரை மாத நண்பகலில் வெயில் காயும் வயல்வரப்பிலிருந்து கோவில்காட்டுக்குள் அடியெடுத்து வைக்கும் மாணவர் முதலில் உணர்வது குளிர்ச்சியை. அகன்ற இலைகளைக் கொண்ட மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து கூரை வேய்கின்றன. சமவெளிக் கோவில்காடுகளில் வீரை, உலக்கைப்பாலை, காசா, நாவல், இலுப்பை, ஆல் போன்றவை வளர்கின்றன. வீரை, உலக்கைப்பாலை போன்றவற்றின் இலைகள் தோல்போல் தடித்தவை. ஆகவே, நீரை எளிதில் இழப்பதில்லை. மழை குறைந்த மாதங்களிலும் இம்மரங்கள் பசுமை மாறாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மரங்களுக்கு இடையே மனிதனின் தொடையளவு பருத்த வன்கொடிகள் ஏறிச் செல்கின்றன. ஒரு கொடி அவ்வளவு பருக்க எத்தனை ஆண்டுகள் கத்தி படாமல் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், காட்டின் அகவை ஒருவாறு புலப்படும்.

அடுத்து, கால் உணர்வது சருகை. அது குப்பையன்று; காட்டின் சமையற்கூடம். கரையானும் மரவட்டையும் மண்புழுவும் பூஞ்சையும் உதிர்ந்த இலையை மக்கச்செய்து மண்ணுக்கு உணவாக்குகின்றன. மழைத்துளி இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகில் இறங்கி, மெல்ல மண்ணுக்குள் புகுகிறது. வெற்றுநிலத்தில் விழும் மழையோ மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. ஊருணியை அடுத்துக் காட்டையும் காத்த முன்னோர் இத்தொடர்பை அறிவியல் மொழியில் கூறவில்லை. வழக்கத்தில் வைத்துக் காத்தனர்.

ஆல், அரசு, இச்சி, அத்தி ஆகிய மரங்களின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காய்போல் தோன்றும் பகுதிக்குள்ளேயே மறைந்திருக்கின்றன. மிகச் சிறிய குளவிகள் அதனுள் நுழைந்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. பிற மரங்களில் பழம் இல்லாத காலத்திலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுத்திருக்கும். குயிலும் மைனாவும் குக்குறுவானும் அதனால் பசியாறும். இரவில் இலுப்பைப் பூவை நாடிப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. அவை பூவை உண்டு மகரந்தத்தைப் பரப்புகின்றன. கனியை உண்டு விதையைப் பரப்புகின்றன.

மரங்கள் இருந்தால் மட்டும் இவையெல்லாம் நிகழ்ந்துவிடுமா? பன்னிரண்டு ஏக்கரில் தைலமரங்களை வரிசையாக நட்டால் மரங்கள் கிடைக்கும், காடு கிடைக்காது. ஒரே வயதும் ஒரே உயரமும் உடைய ஒரே இன மரங்களின் கூட்டம் தோப்பாகும். பல வயதும் பல உயரமும் உடைய பல்வேறு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் இடமே காடாகும். மரக்கன்று நடும் விழாக்கள் நல்லவை. எனினும், ஒரு முதுகாட்டை அழித்துவிட்டு வேறிடத்தில் ஆயிரம் கன்றுகளை நட்டால் கணக்கு நேராகிவிடும் என்று கருதுவது பிழை. முதியவர் ஒருவரின் அறிவுக்குப் பச்சிளங்குழந்தைகள் பலர் ஈடாக இயலாததைப் போன்றது இது.

தெரிந்து தெளிவோம்

பல்லுயிர்ப் பரவல் சட்டம் 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து, பல்லுயிர் வளம் மிக்க இடங்களைப் பாரம்பரியத் தலங்களாக மாநில அரசு அறிவிக்க இச்சட்டம் வழிசெய்கிறது. ஊரிலுள்ள உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் பதிவுசெய்யும் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ உள்ளாட்சி தோறும் உருவாக்கப்படுகிறது.

கோவில் வளரக் காடு தேய்தல்

கோவில்காடுகளுக்கு இன்று நேரும் இடர், தெய்வத்தின்மேல் நம்பிக்கை குறைந்ததால் மட்டும் வருவதன்று. சில ஊர்களில் வழிபாடு பெருகியும் காடு குறைகிறது. மரத்தடியில் நடுகல்லாகவோ சுடுமண் குதிரையாகவோ இருந்த வழிபாட்டிடத்துக்குக் கற்காரைக் கூரை எழுகிறது. பின்னர்ச் சுற்றுச்சுவரும், மண்டபமும், ஊர்தி நிறுத்தும் இடமும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சில மரங்கள் வழிவிடுகின்றன. ஊருக்கு நன்மை செய்யும் எண்ணத்துடனேயே நன்கொடையாளர்கள் இதனைச் செய்கின்றனர் என்பதே இதிலுள்ள துயரம். காட்டில் உறைகின்ற தெய்வத்துக்குக் காட்டை அழித்து வீடு கட்டித்தருவது முரண் அல்லவா?

மரங்கள் அகற்றப்பட்ட இடத்தில் வெளிச்சம் விழுகிறது. அவ்வெளிச்சத்தைப் பற்றிக்கொண்டு சீமைக்கருவேலம் நுழைகிறது. அடர்ந்த நிழலில் தழைக்க இயலாத அம்மரம், திறந்த இடத்தில் விரைந்து பெருகுகிறது. திருவிழா முடிந்தபின் கிடக்கும் நெகிழிப் பைகளும் தட்டுகளும் சருகோடு சேர்கின்றன. ஆனால், சருகைப்போல் அவை மக்குவதில்லை.

செல்வதா, விலகுவதா?

இந்நிலையில் இருவேறு கருத்துகள் எழுகின்றன. மனிதர் காலடி படாதிருந்தால்தான் காடு பிழைக்கும் என்பது ஒன்று. மிதிபட்ட மண் இறுகுகிறது, நீர் உட்புகாது, முளைவிட்ட கன்றுகள் நசுங்குகின்றன. ஆதலால் இக்கருத்தைப் புறந்தள்ள இயலாது. சாலையும் உணவகமும் ஒளிவிளக்கும் அமைத்தால் பார்வையாளர் பெருகுவர், ஊருக்கு வருவாய் வரும் என்பது மற்றொன்று. சிற்றூர் மக்களின் வறுமையை அறிந்தோர் இதனையும் எளிதில் மறுக்கமாட்டார்கள். ஆனால், எதைக் காண மக்கள் வருகின்றனரோ அதையே அழித்துப் பெறும் வருவாய் எத்தனை ஆண்டு நிலைக்கும்?

கோவில்காடு ஒருகாலும் மக்களுக்கு முற்றிலும் மூடப்பட்டிருந்ததில்லை. பொங்கல் வைக்கவும் புரவி எடுக்கவும் ஊரார் அதனுள் சென்றுவந்தனர். அங்கே தடை விதிக்கப்பட்டது காலுக்கு அன்று, கைக்கே. புகலாம், எடுக்கலாகாது என்பதே அம்மரபின் சாரம். இன்றைய பார்வையாளருக்கும் அதுவே நெறியாதல் வேண்டும்.

மரபு முழுவதையும் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. சில கோவில்காடுகளில் பெண்கள் நுழையத் தடை இருந்துள்ளது. சிலவற்றில் இன்றும் உள்ளது. எடுக்காமை என்னும் மரபு போற்றத்தக்கது. மனிதரை விலக்கிவைக்கும் மரபு அத்தகையதன்று. காட்டைக் காக்கும் பொறுப்பு அனைவருக்கும் உரியதெனின், அதனைக் காணும் உரிமையும் அனைவருக்கும் உரியதே.

மாணவர்கள் ஏன் செல்லவேண்டும்? இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் இன்னும் பத்தாண்டுகளில் ஊராட்சி உறுப்பினராகவும், பொறியாளராகவும், வருவாய்த்துறை அலுவலராகவும் அமர்வர். காட்டைக் கண்டறியாதவருக்கு வரைபடத்தில் அது வெற்றிடமாகவே தெரியும். கட்டடம் எழுப்ப உகந்த நிலமாகத் தோன்றும். அந்நிழலில் ஒரு முற்பகல் நின்றவருக்கு அவ்வாறு தோன்றாது. அச்சம் காத்த காட்டை இனி அறிவு காக்கவேண்டும். அவ்வறிவு பாடநூலிலிருந்து மட்டும் வந்துவிடாது.

ஆகவே, தொலைவிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்லும் கல்விச் சுற்றுலாவில் ஒரு நாளையேனும் அருகிலுள்ள கோவில்காட்டுக்கு ஒதுக்குவது நன்று. ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் புகாமல் சிறு குழுக்களாகச் செல்லலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னே நடக்கட்டும். மரங்களின் பெயர்களை அவரிடமிருந்தே கேட்கவேண்டும். பாதையை விட்டு விலகாமை காட்டுக்கும் நல்லது. முள்ளும் பாம்பும் உள்ள இடத்தில் மாணவருக்கும் நல்லது. ஒலிபெருக்கியும் நெகிழியும் ஊரிலேயே நிற்கட்டும். கேட்டறிந்த பெயர்களையும் பயன்களையும் எழுதி ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு வழங்கினால், அப்பயணம் காட்டுக்கும் பயன் தரும். காட்டிலிருந்து எதையும் எடுக்காமல், காட்டுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது அது.

காட்டின் எல்லையில் காலணியைக் கழற்றும் செயல் ஒருவருக்கு வழிபாடாக இருக்கலாம்; மற்றொருவருக்கு மரியாதையாக இருக்கலாம். எவ்வாறாயினும், தனக்கு முன்பிருந்தே இங்கு வாழ்வன உள என்பதை ஏற்கும் பணிவு அதில் இருக்கிறது. திரும்பிவந்து காலணியை அணியும்போது மாணவரின் கையில் ஒன்றும் இராது. பாதத்தில் மட்டும் சிறிது மண்ணும் ஒரு சருகின் துணுக்கும் ஒட்டியிருக்கும். அவற்றையும் காட்டின் எல்லைக்குள்ளேயே தட்டிவிட்டு வருவதே நன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் பெயரிலோ அண்டை ஊர்களின் பெயர்களிலோ உள்ள மரம், காடு, சோலை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைத் தொகுக்க.

2. உங்கள் பகுதியிலுள்ள கோவில்காடு பற்றி மூத்தோர் ஒருவரிடம் உரையாடி, அங்கு வழங்கும் கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றும் தொடரவேண்டியவை எவை, மாற்றவேண்டியவை எவை எனக் காரணத்துடன் விளக்குக.

3. ‘காட்டை மூடிவைப்பதே அதைக் காக்கும் வழி’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.