வரலாறு யார் வீட்டுச் சொத்து?

நாடாளுமன்றத்தின் 2025 குளிர்காலக் கூட்டத்தொடரில் மக்களவையில் ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. தில்லி தீன்மூர்த்தி பவனில் இயங்கும் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகத்தில் நேரு தொடர்பான ஆவணங்கள் ஏதேனும் காணாமற்போயுள்ளனவா என்பதே அக்கேள்வி. அவ்வாண்டு நடந்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவரவில்லை என்று கலாசார அமைச்சகம் எழுத்து மூலம் பதிலளித்தது. அப்படியானால் இத்தனை நாள் கூறிய குற்றச்சாட்டுக்கு மன்னிப்புக் கேளுங்கள் என்றது காங்கிரஸ். சில நாள்களிலேயே அமைச்சகம் விளக்கம் தந்தது: 2008-ல் நேரு குடும்பத்தின் சார்பில் 51 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன, அவை இருக்குமிடம் தெரியும் என்பதால் "காணாமற்போனவை" ஆகா, ஆனால், அவை நூலகத்துக்குத் திரும்ப வேண்டும்.

வழக்கம்போல இரு தரப்பினரும் குரலை உயர்த்தினர், விவகாரம் அடங்கிவிட்டது. ஆனால், அடிப்படையான கேள்வியை இரு தரப்பினருமே கேட்கவில்லை. நாட்டை ஆண்டவர்களின் தனிப்பட்ட கடிதங்களும் நாட்குறிப்புகளும் யாருக்குச் சொந்தம்?

இக்கேள்விக்கு விடை தேட பிரிட்டனில் உள்ள சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரபுவின் ஆவணத் தொகுப்பு அங்குதான் உள்ளது. 28 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான தொகையில், பெரும்பகுதி பொதுப் பணத்தில், அக்குடும்பத்திடமிருந்து அது வாங்கப்பட்டது. பொதுப் பணத்தில் வாங்கியது மக்கள் பார்வைக்கு வரும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், மவுண்ட்பேட்டன், அவரது மனைவி எட்வினா இருவரின் நாட்குறிப்புகளும் பூட்டி வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகத்தின் அறிவுறுத்தலே அதற்குக் காரணம்.

ஆண்ட்ரூ லவ்னி என்ற வரலாற்றாசிரியர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2019-ல் தகவல் ஆணையர் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டும் பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. இறுதியில் 2021-ல் நாட்குறிப்புகளின் பெரும்பகுதி வெளியானது. 2022-ல் தீர்ப்பாயம் எஞ்சிய சில பகுதிகளை மறைத்து வைக்க அனுமதித்தது. அரச குடும்பம் தொடர்பானவையும், இந்தியா, பாகிஸ்தானுடனான பிரிட்டனின் உறவைப் பாதிக்கக்கூடியவை என்று கருதப்பட்டவையும் அவற்றில் அடங்கும். இந்தப் போராட்டத்தில் லவ்னி செலவிட்ட சொந்தப் பணம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல்.

இதே வழக்கில் மற்றொன்றும் தெளிவாயிற்று. எட்வினாவுக்கும் நேருவுக்கும் இடையே 1948 முதல் 1960 வரை நடந்த கடிதப் போக்குவரத்து, பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறதே தவிர, சட்டப்படி பல்கலைக்கழகத்தின் வசம் இல்லை என்று தீர்ப்பாயம் கூறிவிட்டது. தில்லியில் திரும்பப் பெறப்பட்ட 51 பெட்டிகளிலும் எட்வினாவுடனான கடிதங்கள் உள்ளதாகவே நூலக வட்டாரங்கள் கூறிவந்துள்ளன. ஆக, அங்கும் குடும்பத்தின் சாவி. இங்கும் குடும்பத்தின் சாவி.

இரு தனிமனிதர்களின் நட்பைத் துருவிப் பார்க்கும் ஆசை நமக்கு வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் இந்தியக் குடியரசு உருவாகி நிலைபெற்ற காலம். எது அந்தரங்கம், எது வரலாறு என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் வாரிசுகளிடம் மட்டும் இருப்பது சரியா? அதேபோல, அந்த அதிகாரத்தை அன்றன்றைய அரசிடம் விட்டுவிடுவதும் சரியா? தீன்மூர்த்தி நூலகத்தை நிர்வகிக்கும் சங்கத்துக்குப் பிரதமரே தலைவர் என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

நம் நாட்டில் 1993-ல் பொது ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது. அரசு ஆவணங்களைச் சட்டவிரோதமாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது அச்சட்டம். ஆனால், தனியார் ஆவணங்களைப் பொருத்தவரை, தேச முக்கியத்துவம் வாய்ந்தவற்றை நன்கொடையாகவோ விலைக்கோ தேசிய ஆவணக் காப்பகம் பெறலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. பிரதமர் ஒருவர் அலுவலகக் கோப்பில் எழுதிய குறிப்பு பொது ஆவணம். அதே பொருள் குறித்து அதே நாளில் நண்பருக்கு எழுதிய கடிதம் வீட்டுச் சொத்து. அமெரிக்காவில் நிக்சன் விவகாரத்துக்குப் பிறகு, 1978-ல், அதிபரின் அலுவல்சார் ஆவணங்கள் அரசுக்கே சொந்தம் என்று சட்டமியற்றப்பட்டது. நாம் அப்படியொரு கோட்டைக்கூட வரையவில்லை.

கட்டாயப்படுத்தினால் குடும்பத்தினர் ஆவணங்களை எரித்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. நம்பிக்கை இருந்தால்தான் கொடுக்க மனம் வரும். ராஜாஜியின் ஆவணங்கள் தீன்மூர்த்தி நூலகத்துக்கு வந்ததும், அப்துல் கலாமின் ஆவணங்களை அவர்தம் குடும்பத்தினர் 2025-ல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வழங்கியதும் அந்த நம்பிக்கையால்தான். கம்யூனிஸ்ட் தலைவர் பி.சி. ஜோஷி திரட்டிய தொகுப்பு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதும் அவ்வாறே. அரசியல் ஏச்சுக்குத் தீனியாகும் என்று தெரிந்தால் நாளை எந்தக் குடும்பம் ஒரு தாளையேனும் தர முன்வரும்?

எனவே, நாடாளுமன்றம் செய்ய வேண்டியது 1993-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதுதான். உயர் பொறுப்பு வகித்தவர்கள் அலுவல் தொடர்பாக எழுதிய கடிதங்கள், அவை எந்த மேஜையில் எழுதப்பட்டிருந்தாலும், பொது ஆவணமாகக் கருதப்பட வேண்டும். அந்தரங்கமானவற்றுக்கு வாரிசுகள் விதிக்கும் காலவரம்பை எந்த அரசும் மீறலாகாது. அதேவேளையில் முடிவில்லாத பூட்டும் கூடாது. ஒருமுறை காப்பகத்தில் சேர்ந்தது, நகல் எடுத்து வைக்காமல் வெளியேறக் கூடாது. எது மூடப்பட்டுள்ளது, ஏன், எதுவரை என்ற பட்டியல் ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். அதை முடிவு செய்யும் குழுவில் அமைச்சர்களைவிட வரலாற்றறிஞர்களும் ஆவணக் காப்பாளர்களும் அதிகம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகக் காப்பகங்களுக்கும் இவ்விதிகள் பொருந்த வேண்டும். அவற்றுக்குரிய நிதியும் சேர்ந்தே வர வேண்டும்.

51 பெட்டிகளைத் திருப்பிக் கேட்பது ஆளுங்கட்சிக்கு எளிது. அதை அவதூறு என்று ஒதுக்குவது எதிர்க்கட்சிக்கும் எளிது. தங்கள் கட்சித் தலைவர்களின் கடிதங்களுக்கும் நாளை பொருந்தக்கூடிய ஒரு சட்டத்தைச் சேர்ந்து நிறைவேற்ற இரு தரப்பினரும் ஆயத்தமா? அவர்களது அக்கறை வரலாற்றின் மீதா, வாக்குகளின் மீதா என்பது அப்போது தெரிந்துவிடும்.