தூக்க மாத்திரை மிட்டாய் அல்ல!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவருக்குப் பகலில் தூக்கம் வருவதில்லை. ஆவடியில், பூந்தமல்லியில் வீட்டுக்கு வீடு பெரியவர்களுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. "போன தடவை வாங்கின மாத்திரைதான், கொடுங்க" என்று கடையில் கேட்டால் போதும் என நினைக்கிறார்கள். போதாது!

டயாசிபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் 1 முதல் 'எச் 1' பட்டியலில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? ஆஸ்பத்திரியில் நர்ஸ் இந்த மருந்தைக் கொடுக்குமுன் மூச்சை எண்ணிப் பார்ப்பார். நிமிஷத்துக்கு 12-க்குக் குறைந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்வார். கட்டிலுக்குத் தடுப்புப் போடுவார். வீட்டில் யார் எண்ணுகிறார்கள்? வயதானவர் உடம்பில் டயாசிபாம் நெடுநேரம் தங்கும். நடு ராத்திரி எழுந்தால் கால் தடுமாறும். இடுப்பு எலும்பு முறியும். மதுவும் சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்! பல நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கடைக்காரர் சீட்டைக் கேட்டால் கோபப்படாதீர்கள். அதிகாரிகளும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். தூக்கம் வேண்டும்தான். விடிந்தால் எழுந்திருக்கவும் வேண்டுமே!